இடப்பக்கத்துப் பள்ளம்

சோபாவில் தான் எப்போதும் உட்காரும் இடத்தில் கனத்த சத்தம் மட்டும் போடுகிற சப்வூஃபர் பெட்டியைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் மண்டியிட்டார். ஐம்பத்தாறு வயசு. கோயமுத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் மோட்டார்களைச் சோதித்துப் பாஸ் போடுகிற மேனேஜர். வடவள்ளியில் மாடி வைத்த சொந்த வீடு, பெங்களூரில் கட்டிக்கொடுத்த ஒரே மகள். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு கைக்குழந்தை மாதிரி தவழப் போகிறார். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ஜன்னல் திரையை இழுத்துவிட்டாயிற்று. மனைவி கலாமணி பொள்ளாச்சியில் தன் தம்பி மகளுக்குச் சீர் என்று காலையிலேயே கிளம்பிப் போய்விட்டாள், பொழுது சாயத்தான் வருவாள். இவரும் போயிருக்க வேண்டியதுதான். அத்தை வந்தாள், மாமன் எங்கே என்று நாலு பேர் கேட்பார்கள். முட்டி வலி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார். முட்டி வலிக்காரர் இப்போது முட்டி போட்டுக்கொண்டிருக்கிறார், அது வேறு கதை. மண்டபத்தில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசுகிற இரைச்சலில் எதிரே நிற்கிறவர் வாய் அசைவது தெரிகிறது, பேச்சு தெரிவதில்லை. தலையை ஆட்டிச் சிரித்து வைக்க வேண்டும். போன கல்யாணத்தில் அப்படித்தான் சிரித்து வைத்தார், அந்த ஆள் தன் அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடப்பதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் முகம் போன போக்கு. அதெல்லாம் இப்போது எதற்கு, முட்டி வலிதான், வேறொன்றுமில்லை. ரிமோட்டை அழுத்தினார். சோபாவில் உட்கார்ந்திருந்த கறுப்புப் பெட்டி ஊம் என்று ஆரம்பித்தது.

இந்தத் தவழல் வித்தையைச் சொல்லிக்கொடுத்தவர் ஆடியோ கடை தாமோதரன். "பொட்டிய நீங்க உக்கார்ற எடத்துல வெச்சிருங்க. அப்பறம் செவுத்தோரமாத் தவழ்ந்துக்கிட்டே போங்க. எந்த எடத்துல சத்தம் நல்லாக் கும்முன்னு வருதோ அங்கதானுங்க பொட்டிக்கு எடம். கூச்சப்படக் கூடாது, கொழந்தையாட்டத் தவழோணும்." சத்தம் போகிற வழியும் வருகிற வழியும் ஒன்றுதான், இங்கிருந்து அங்கே எப்படிக் கேட்குமோ அங்கிருந்து இங்கேயும் அப்படியே கேட்கும், ஆகையால் மனுஷனும் பெட்டியும் இடம் மாறிக்கொண்டால் வேலை சுலபம். சென்னியப்பனுக்கு அந்தக் கணக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கனத்த சத்தம் அறைக்குள் சும்மா இருப்பதில்லை, போய்ச் சுவரில் மோதித் திரும்பி வருகிறது. வருகிறதும் போகிறதும் சில இடத்தில் ஒன்று சேர்ந்து மேடாகிவிடும், காதை அடைக்கும். சில இடத்தில் ஒன்றையொன்று தின்றுவிடும், அங்கே நின்றால் பெட்டி ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாது. அதற்குப் பேர் பள்ளம். ஒரு பெட்டி வைத்த அறையில் பள்ளம் இல்லாமல் இருக்காது. எதிர்ச் சுவரில் இன்னொரு பெட்டி வைத்தால் ஒன்றின் பள்ளத்தை இன்னொன்று தூர்க்கும். அதற்குத்தான் ரெண்டு, மூணு, நாலு என்று வைக்கிறார்கள். கெட்டிக்கார வேலை. கிழக்குச் சுவரை வலப்பக்கமாக வைத்துக்கொண்டு தவழ்ந்தார், டைல்ஸ் ஜில்லென்று உள்ளங்கையில் ஏறியது, ஊம் என்ற சத்தம் ஏறி இறங்கி ஏறி வந்தது. டிவி ஸ்டாண்டுக்குக் கீழே கலாமணி எத்தனை மாசமாய்த் தேடிய ஒற்றைத் தோடு கிடந்தது, எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வலப்பக்கம் நல்ல கும்மென்ற சத்தம். இடப்பக்கம் வெறிச்சோடிக் கிடந்தது. சரி, இடப்பக்கம் நடு ஹால், அங்கே பள்ளம் இருக்கும், இருந்தால் என்ன. மேலே தவழ்ந்தார். ஆனால் சென்னியப்பா, கனத்த சத்தத்துக்குத் திசை கிடையாதே. தாமோதரன் சொல்லவில்லையா, நீ படித்த பாடத்தில் இல்லையா. அதன் அலை இந்த அறை நீளத்துக்கு இருக்கும்போது அதற்கு உன் மண்டை ஒரு பொருட்டா. ஒரு காதுக்குக் கேட்டால் மறு காதுக்கும் அதே அளவு கேட்டே தீர வேண்டும். பள்ளம் இடத்துக்கு உண்டு, ஒரு மண்டையின் பாதிக்கு மட்டும் எப்படி வரும். கை நின்றது. மூலையில் ஒட்டடை இருந்தது, வேலைக்காரம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, அதையே கெட்டியாய்ப் பிடித்துக்கொண்டு, மறுபடி தவழ்ந்தார்.

முதல் பெட்டி மகள் கல்யாணம் முடிந்து வீடு வெறிச்சென்று இருந்தபோது வாங்கியது. புருஷனும் பெண்டாட்டியும் ராத்திரி சாப்பிட்டதும் சோபாவில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பது அப்போது வந்த பழக்கம். இவர் நடுவில், அவள் இவருக்கு இடப்பக்கம். பாட்டு பாதி, அவள் பேச்சு பாதி. எதிர் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனது, தக்காளி விலை, இன்றைக்கு மழை வாசனை அடித்தும் வராமல் போனது. பாட்டுக் கேட்க விடுறியா என்று இவர் சலித்துக்கொள்வார், அவள் ரெண்டு நிமிஷம் சும்மா இருந்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். கல்யாணத்தில் தாலி ஏறினதும் ஐயர் சொல்லி வலப்பக்கத்திலிருந்து எழுந்து இடப்பக்கம் வந்து உட்கார்ந்தவள், அன்றிலிருந்து போட்டோவானாலும் பந்தியானாலும் அவள் இடம் அதுதான். போன வருஷம் நடுவில்தான் பாட்டு ஒரு பக்கமாய்ச் சாய்ந்த மாதிரி இவருக்குத் தோன்ற ஆரம்பித்தது. இடப்பக்கம் குழி விழுந்த மாதிரி. அறைதான் கோளாறு என்று தாமோதரனிடம் போனார், ஆயுத பூஜை முடிந்த வாரம் ரெண்டாவது பெட்டி வந்து சோபாவின் இடப்பக்க மூலையில் உட்கார்ந்தது. குழி தூரவில்லை. தீபாவளிக்கு மூணாவது வந்தது. நேற்று நாலாவது வந்து இறங்கினபோது கலாமணி இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். "ரெண்டு பேரு காதுக்கு நாலு குண்டுப் பொட்டியாங்க? ஊட்டுக்குள்ள நாம நடக்கறதா, அதுக நடக்கறதா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த இடமூலைப் பெட்டி அவள் முழங்காலுக்குப் பக்கத்திலேயே அதிர்கிறது, அதனால்தான் அவள் இடப்பக்கத்தை விட்டுவிட்டு வலப்பக்கம் வந்து உட்கார ஆரம்பித்தாள், வேறென்ன காரணம் இருக்க முடியும். இன்றைக்கு வேலை சுத்தமாக முடிந்தால் அந்தப் பெட்டியை அங்கிருந்து எடுத்துவிடலாம். நாலையும் ஒவ்வொரு சுவரின் நடுவிலும் ஒன்றாக வைத்துப் பள்ளத்தையெல்லாம் தூர்த்துவிட்டால், அவள் சாயங்காலம் வந்து தன் பழைய இடத்தில் உட்காருவாள், அந்தப் பக்கமிருந்து பேசுவாள், தக்காளி விலையைச் சொல்லுவாள், இவருக்குக் கேட்கும். அவ்வளவுதான் வேண்டும். அதற்கு மேலே ஒன்றும் வேண்டாம்.

வடக்குச் சுவருக்கு வந்தபோது மூச்சு வாங்கியது, ரிமோட்டை எடுத்துப் பெட்டியை அணைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அணைத்த பிறகும் ஊம் நிற்கவில்லை. இது புதுசில்லை. மூணாவது பெட்டி வந்த நாளிலிருந்து, இல்லை, அதற்கும் முன்னால் இருந்தே, வீட்டுக்குள் அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு ரீங்காரம். எர்த் சரியில்லாவிட்டால் சப்வூஃபர் அப்படித்தான் உறுமும் என்று எலக்ட்ரீசியன் மயில்சாமியைக் கூட்டிவந்தார். மயில்சாமி ஆம்ப்ளிஃபயரில் காதை வைத்துப் பார்த்தான், பெட்டியில் வைத்துப் பார்த்தான். "எனக்கு ஒண்ணும் கேக்கலீங்களே" என்றான். "நல்லாக் கேளப்பா" என்று இவர் அதட்டினதும், அவன் எதற்கு வம்பு என்று லேசாக வருகிற மாதிரிதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பின்வாசலில் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடிப் புது எர்த் போட்டுக் கொடுத்தான். தினமும் ஒரு குடம் தண்ணி ஊத்துங்க சார், காய விடக் கூடாது என்றான். அன்றிலிருந்து சென்னியப்பன் குளித்து நெற்றியில் திருநீறு பூசின கையோடு அந்தக் குழிக்கு ஒரு குடம் ஊற்றுகிறார். உப்பும் கரியும் நனைகிற வாசனை வரும், கொஞ்சம் சுடுகாட்டு வாசனை, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றுவார். ரீங்காரம் நிற்கவில்லை. ஒருநாள் கலாமணி இல்லாதபோது மெயினையே இறக்கிவிட்டு, ஃபேன் நின்று, ஃப்ரிட்ஜ் நின்று, வீடே செத்துப்போன மாதிரி ஆன பிறகு, நடு ஹாலில் நின்று கேட்டார். ஊம். இடப்பக்கமாக. நின்றுகொண்டிருக்கிற பஸ்ஸின் எஞ்சின் மாதிரி, ஆள் ஏறட்டும் என்று ஆஃப் பண்ணாமல் காத்திருக்கிற பஸ். அது யாருடைய பஸ் என்று அவருக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. மெயினை ஏற்றி எல்லா ஃபேனையும் போட்டுவிட்டார்.

அப்பா மருதாசலம் அரசு பஸ்ஸில் டிரைவர். பஸ் ஓட்டுகிறவருக்கு வலது காது வெளியே, ரோட்டுக்கு. இடது காது உள்ளே, ஜனங்களுக்கு. கண்டக்டர் விசில் வருவது அந்த இடது காதுக்குத்தான். ஒரு விசில் என்றால் நிறுத்த வேண்டும், ரெண்டு விசில் என்றால் எடுக்க வேண்டும். அந்தக் காதுதான் அப்பாவுக்கு முதலில் போனது. வெகுநாள் வெளியே தெரியவில்லை, கூட ஓடின கண்டக்டர் ரங்கராஜு தெரிய விடவில்லை. விசிலும் அடிப்பார், அடித்த கையோடு முன்னால் வந்து டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கும் எஞ்சின் மூடியில் கையால் தட்டுவார், ஒரு தட்டு, ரெண்டு தட்டு. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முன்னால் வந்து தட்டிவிட்டுப் போகிற கண்டக்டரை ஜனங்கள் கிறுக்கன் என்று நினைத்தார்கள். ரங்கராஜு வராத ஒருநாள், ஒரு பொம்பளை இறங்கிக்கொண்டிருக்கும்போது, நிறுத்தச் சொன்ன விசில் கேட்காமல் வண்டி நகர்ந்துவிட்டது. கால் முறிவோடு போயிற்று, கும்பிட்ட சாமி காப்பாற்றியது. அதன் பிறகு டாக்டர். போக்குவரத்துக் கழகத்துக்கு உண்டான டாக்டர் அப்பாவை ஸ்டூலில் உட்கார வைத்து, பின்னால் நின்று, அவர் வலது காதை விரலால் அடைத்துவிட்டு இடது காதுப் பக்கம் ஏதோ பேசினார். கூடப் போயிருந்த சென்னியப்பனுக்கு வாசல்படியிலிருந்தே அது கேட்டது, மாத்திரை பேரோ என்னமோ. அப்பா எதிர்ச் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தச் சிரிப்பு. ஒரு விரல், அவ்வளவுதான், ஒரு விரலை வைத்து எடுத்தார்கள், அப்பா பஸ்ஸை விட்டு இறங்கி டிப்போவில் டயர் எண்ணப் போனார். தலை கிறுகிறுத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "வண்டிய நிறுத்திப்போட்டு வந்துட்டனப்பா, எஞ்சின் நிக்க மாட்டீங்குது" என்று காதைத் தட்டிக் காட்டுவார். பிறகு வலதும் போயிற்று. யார் என்ன சொன்னாலும் "கேட்டுச்சு, கேட்டுச்சு" என்பார், அது ஒன்றுதான் பதில். அம்மா முதலில் கத்திப் பார்த்தாள், தொண்டை கட்டிக்கொண்டது, அப்புறம் சோற்றுக்குக் கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினாள், குளிக்கத் தலையில் ஊற்றிக் காட்டினாள், அப்புறம் காட்டுவதற்கு இருந்ததெல்லாம் அந்த ரெண்டு மூணுதான், புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் மீதி எல்லாம் தீர்ந்துவிட்டது. எதிரெதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்வார்கள், ஒரு பேச்சு இருக்காது. அம்மாவுக்குப் பேச்சுப் பிடிக்கும். கலாமணிக்குப் பிடிக்கிற அளவுக்கு.

போதும் என்று எழுந்து, எழ முடியாமல் மறுபடி மண்டியிட்டு, பெட்டியைப் போட்டார். வடக்குச் சுவர் இப்போது வலப்பக்கம். அங்கே சத்தம் கும்மென்று நிறைந்தது, ஷோகேஸில் கண்ணாடி டம்ளர்கள் கிணுகிணுத்தன. இடப்பக்கம் பள்ளம். திரும்பி வந்த வழியே தவழ்ந்து பார்த்தார், இப்போது சுவர் இடப்பக்கம் வந்துவிட்டது, பள்ளமும் சுவர்ப் பக்கம் போய்விட்டது, முன்னே கும்மென்று இருந்த அதே இடத்தில். கொஞ்சம் நின்றார். அந்த இடத்திலேயே, ஒரு டைல்ஸ் தள்ளாமல், அப்படியே உடம்பைத் திருப்பினார், செக்கு மாடு சுற்றுகிற மாதிரி. பள்ளமும் கூடவே சுற்றியது. இவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது இடப்பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது, விட்டுப் போகவே மாட்டேன் என்கிற மாதிரி. சத்தம் ஏறுகிறது இறங்குகிறது, அது அறையின் வேலை, சரி. ஆனால் இது ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. வேர்த்தது. ஏசி குறைவாக இருக்கிறது போல. கம்பெனியில் ஃபோர்மேன் போன வாரம் ஒரு மோட்டாரைக் காட்டி "சார், ஹம்மிங் வருதுங்களே, இதப் பாஸ் போட்டுட்டீங்களே" என்றான், இவர் இல்லையே என்று சொல்ல வாயைத் திறந்தவர் தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்தார், வந்தது. நாலாள் பார்க்க வந்தது. அன்றைக்கு ஜலதோஷம். மகள் போன் பண்ணினால் எந்தக் கையில் எடுக்கிறோம், இடது கையில்தானே எடுப்போம், வாட்ச் கட்டின கை, எப்போதும் அதுதானே. இல்லை, இப்போதெல்லாம் வலது கை. எப்போது மாறினது. யார் மாற்றினது. பேனாவை மேஜையில் வைத்துவிட்டுப் போனைக் கைமாற்றிக்கொள்ளச் சொல்லி யாரும் சொல்லவில்லை, உடம்பு தானாய்ச் செய்துகொண்டிருக்கிறது, இவரைக் கேட்காமல், ரங்கராஜு மாதிரி முன்னால் வந்து தட்டிவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு விரல் போதும். நாலு பெட்டியும் வேண்டாம், தவழவும் வேண்டாம், தாமோதரனும் வேண்டாம், இந்த ஆள்காட்டி விரலைத் தூக்கி வலது காதில் வைத்தால் தீர்ந்தது. வைத்தும் பெட்டிச் சத்தம் கேட்டால் அறைக் கோளாறு. கேட்காவிட்டால். கை தரையிலிருந்து எழுந்தது. கன்னம் வரைக்கும் வந்து அரித்த இடத்தைச் சொறிந்துவிட்டுக் கீழே போய்விட்டது. முதலில் வேலையை முடிப்போம், எடுத்த வேலையைப் பாதியில் விடக் கூடாது என்று நினைத்தார். நாலாவது பெட்டிக்கு வடக்குச் சுவரின் நடு இடம் நல்ல இடம், வலது காது அப்படித்தான் சொல்லியது.

நாலு பெட்டியையும் நகர்த்தி முடிக்கும்போது இடுப்பு ஒடிந்துவிட்டது. இடமூலைப் பெட்டியை எடுத்த இடத்தில் டைல்ஸ் மேல் சதுரமாய்த் தூசி இல்லாத தடம் இருந்தது. சோபாவைத் துடைத்து, அவள் பக்கத்து மெத்தையைத் தட்டிச் சரி செய்து, எல்லாப் பெட்டிகளையும் ஒருசேரப் போட்டார். அறை முழுக்க ஊம் என்று ஒரே சமமாய் நிறைந்தது, தொட்டி நிறைகிற மாதிரி, எங்கே நடந்தாலும் ஏற்றமில்லை இறக்கமில்லை. நல்ல வேலை. பாதி மண்டைக்கு நல்ல வேலை. கண்ணை மூடிக்கொண்டு நடுவில் நின்றார், இனி இந்த அறையில் பள்ளம் என்று சொல்ல ஒரு இடமும் பாக்கி இல்லை. ஏன்தான் இவ்வளவு சுத்தமாக வேலை செய்து தொலைத்தோம். கொஞ்சம் கோளாறை விட்டுவைத்திருந்தால் அதன் தலையில் போட்டுவிட்டு இன்னும் ஒரு வருஷம் ஓட்டியிருக்கலாமே. அப்பா இப்படித்தான் ஓட்டினார் போல, ஒவ்வொரு நிறுத்தமாக. கண்ணைத் திறந்தால் வாசலில் கலாமணி நின்றுகொண்டிருந்தாள். பட்டுச்சேலை கசங்கி, தலையில் பூ வாடி, கையில் சீர் வீட்டுப் பை. கார் வந்ததோ கேட் திறந்ததோ இவருக்குத் தெரியவில்லை. எத்தனை நேரமாய் நிற்கிறாள் என்றும் தெரியவில்லை. சென்னியப்பன் ரிமோட்டைத் தேடி எடுத்துச் சத்தத்தை நிறுத்தினார்.

"ஏம்புள்ள, வந்துட்டியா. கூப்பிட்டிருக்கலாமல்ல?"

"கூப்பிட்டனுங்களே. கேட்டுல இருந்தே கூப்பிட்டுட்டுத்தான் வந்தேன்" என்றாள். பையை மேஜையில் வைத்தாள். "முட்டி வலின்னு சொல்லிப்போட்டு இத்தனையும் ஒத்தையா நகத்துனீங்களாக்கும். இடுப்புப் புடிச்சா நாந்தான் தைலம் தேய்க்கோணும்."

"பொட்டிய எடுத்துட்டேன் பாரு, உன்ற காலடியில இருந்து. இனி இடிக்காது. வந்து உன்ற எடத்துல உக்காரு, பாட்டுப் போடறேன்."

கலாமணி அந்த இடத்தைப் பார்த்தாள். இவர் முகத்தைப் பார்த்தாள். வந்து இடப்பக்கம் உட்கார்ந்தாள், கல்யாண மணையில் உட்கார்ந்த மாதிரி முந்தானையை மடியில் ஒதுக்கிக்கொண்டு. இவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பாட்டு ஒன்றும் போடவில்லை, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, அவள் எப்போது ஆரம்பிப்பாள் என்று காத்துக்கொண்டிருந்தார். சீர்த்தட்டு எத்தனை, யார் யார் வந்தார்கள், சாப்பாட்டில் எது மோசம், எத்தனை இருக்கும் சொல்ல. சட்டைப் பைக்குள் தோடு இருப்பது ஞாபகம் வந்தது, எடுத்துக் கொடுத்தால் சந்தோஷப்படுவாள், அவள் பேச்சு முடியட்டும், அப்புறம் கொடுக்கலாம். ஊம் என்று பஸ் நின்றுகொண்டிருந்தது. அவள் ஏன் இன்னும் பேசவில்லை, களைப்பாக இருக்கும். மெத்தை அசைந்தது. திரும்பினார். அவள் கை பாதி அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது, எதையோ சொல்லி முடிக்கிற கை. உதடும் அப்போதுதான் மூடியது.

கலாமணி எழுந்தாள். இவருக்கு முன்னால் சுற்றிக்கொண்டு வந்து வலப்பக்கம் உட்கார்ந்தாள், அடுப்பில் பால் பொங்குமுன் இறக்குகிற மாதிரி யோசனை இல்லாமல், பழகின வேலையாய்.

"ஏன் மாறி உக்கார்ற?" என்றார். "அதுதான் பொட்டிய எடுத்துட்டனே."

"பொட்டிக்கும் எனக்கும் என்னங்க" என்றாள் கலாமணி. "இந்தப் பக்கம் உக்காந்தாத்தானுங்க நீங்க பதில் சொல்றீங்க."

"ரெண்டாவது பொட்டி வந்தப்பறந்தான நீ மாறுன."

"இல்லீங்க. ஆடிப்பெருக்குக்கு முன்னாடியே. கதவத் தாப்பாப் போட்டீங்களான்னு மூணு தடவ கேட்டேன், நீங்க பாட்டுக்கு உக்காந்திருந்தீங்க. கோவம்னு நெனச்சேன். அடுத்த நாளு இந்தப் பக்கம் வந்து கேட்டேன், சொன்னீங்க." மடியிலிருந்த முந்தானையை நீவிக்கொண்டே, "நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துட்டிருந்தனுங்க" என்றாள்.

ஆடிப்பெருக்கு. பெட்டி வந்தது ஆயுத பூஜைக்கு. இத்தனை நாளும் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முன்னால் வந்து தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள், தட்டுகிறோம் என்று காட்டிக்கொள்ளாமல். பந்தியில், காரில் பின் சீட்டில், கோயில் வரிசையில், எல்லா இடத்திலும் அவள் வலப்பக்கமே நின்றது இப்போது வரிசையாய் ஞாபகம் வந்தது. சென்னியப்பன் வலது கையைத் தூக்கினார். இந்தத் தடவை அது கன்னத்தில் நிற்கவில்லை, ஆள்காட்டி விரலைக் காதில் வைத்து அழுத்தினார். "சொல்லு" என்றார், தன் குரலே தொலைவிலிருந்து வந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து மறுபடி சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தாள். உட்காரவில்லை, குனிந்து அவர் காதோரம் வாயைக் கொண்டுவந்தாள். வாடின மல்லிகையும் சீர் வீட்டுச் சந்தனமும் மணத்தன. அவள் மூச்சு சூடாகக் காது மடலில் பட்டது, ஒன்று, இன்னொன்று. அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு ஏறுவது அவருக்கே தெரிந்தது, அது யாருடைய சிரிப்பு என்றும் தெரிந்தது, அதை நிறுத்த முடியவில்லை. உள்ளே எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு விலகியது. அவள் சொல்லி முடித்துவிட்டாள் போல.

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றார் சென்னியப்பன், விரலை எடுத்துக்கொண்டே.

கலாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலீங்களே" என்றாள்.